ஏறினா இளைக்குது

என் அத்தானின் உடம்பு பெருத்ததை முதலில் கண்டுபிடித்தது எந்த டாக்டரும் இல்லை, என் டேப்புதான். துணிகளைப் பிரித்துப் பெரிதாக்கியும் பிடித்துச் சிறிதாக்கியும் கொடுக்கும் ஆல்டரேஷன் கடையில் எனக்கு வேலை. அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அத்தானின் பேண்ட்டுகளுக்கு நான்தான் பொறுப்பு. அவ்வப்போது இடுப்புத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்து விட்டிருக்கும் துணியில் கொஞ்சத்தை வெளியே விடுவேன். போன வருஷம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். விடுவதற்கு உள்ளே எதுவும் மிச்சமில்லை.

"அத்தான், இதுக்கு மேல துணி இல்ல. இனிமே நீங்கதான் உள்ள போகணும்" என்றேன்.

"தைக்கிறவ கஞ்சம்னா துணி எங்கேருந்து வரும், டேப்பு?" என்றார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது.

அத்தான் டவர் கிரேன் ஓட்டுகிறவர். கட்டுமான இடங்களில் வானத்தை முட்டிக்கொண்டு நிற்குமே, அந்த மஞ்சள் கிரேன். அதன் உச்சியில் நாலு பக்கமும் கண்ணாடி போட்ட ஒரு சின்ன கேபின். அதற்கு லிஃப்ட் கிடையாது. கம்பிக் கூட்டுக்குள் செங்குத்தாக நிற்கும் ஏணியில், இடுப்பிலும் தோளிலும் பாதுகாப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏறிப் போக வேண்டும். ஏறி உட்கார்ந்துவிட்டால் அத்தான் ராஜா. இரும்புக் கம்பிக் கட்டும் சிமெண்ட் தொட்டியும் அவர் விரலை அசைத்தால் வரும், அசைத்தால் போகும். வீட்டில் அவர் விரலை அசைத்தால் ஒரு தம்ளர் தண்ணீர்கூட வராது. அதனாலேயே அந்த வேலைமேல் அவருக்கு உயிர்.

வேலை தொடங்கிவிட்டால் மேலே போனைத் தொடக் கூடாது. ஆகவே ஏறி உட்கார்ந்ததும் அக்காவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டு அணைத்துவிடுவார். அக்காவுக்கு ஹோட்டல் லாண்டரியில் மதிய ஷிஃப்ட். காலையில் சாப்பாட்டு மேசையில் டீயோடு உட்கார்ந்து அதைப் போட்டுக் கேட்பாள். நானும் அதே வீட்டின் மாடி அறையில் இருப்பதால் எனக்கும் அது ஓசியில் கிடைக்கும்.

"ஹ்ஹா... ஹ்ஹா... ஹ்ஹா..."

நெடுநேரத்துக்கு இதுதான் வரும். கடைசியில், போனால் போகிறது என்று ஒரே ஒரு சொல். "ஏறிட்டேன்."

"காதல் வசனம் முடிஞ்சுதா?" என்று நான் கேட்பேன்.

"உனக்கென்னடி தெரியும், போடி" என்று அக்கா டீயை எடுப்பாள். அந்த மெசேஜ்களில் ஒன்றைக்கூட அவள் அழித்ததில்லை. போனில் இடமில்லை என்று என் கல்யாண ஃபோட்டோக்களை அழித்தாள், இவற்றை அழிக்கவில்லை. இதைப் பற்றி எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

சாயங்காலம் அத்தான் வந்து, காலணியைக் கழற்றக் குனிந்து, பாதியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு சொல்வார். "இப்பல்லாம் ஏறினா இளைக்குதுடி."

அக்கா அவரை மேலும் கீழும் பார்ப்பாள். "எங்க இளைக்குது? நானும் தினம் பாக்குறேன், ஒரு சுத்துக்கூடக் குறையலையே."

நானும் அக்காவும் சிரிப்போம். அத்தான் எங்களைவிடச் சத்தமாகச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் அவருக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஒரு புது சேஃப்டி அதிகாரி வந்து கட்டையைப் போட்டார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். அத்தானின் பாதுகாப்பு பெல்ட்டைப் புரட்டி, உள்பக்கம் தைத்திருந்த சின்ன லேபிளைப் படித்திருக்கிறார். இந்த பெல்ட் இவ்வளவு எடைவரைதான் தாங்கும் என்று அதில் அச்சடித்திருக்கிறது. சட்டை லேபிளில் துவைக்கும் முறையைக்கூடப் படிக்காதவர் என் அத்தான், பெல்ட் லேபிளையா படித்திருக்கப் போகிறார்? எடை மெஷினில் ஏற்றிப் பார்த்தார்கள். லேபிள் தோற்றது, அத்தான் ஜெயித்தார்.

"மேல நீங்க மயங்கி விழுந்தா உங்களை யாரு சார் கீழ இறக்குறது? அதுக்கு இன்னொரு கிரேன்தான் கொண்டு வரணும்" என்று சேஃப்டி அதிகாரி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

அன்றோடு அத்தான் தரைக்கு வந்துவிட்டார். தலைக்கவசமும் கையுறையும் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர் அறையில் உட்காரவைத்தார்கள். கேபினுக்கு ஒரு ஒல்லிப் பையன் போனான். அவனுக்கு அங்கே தீக்குச்சி என்று பெயர். சைட் மேனேஜர் நல்ல மனிதர், அத்தானோடு பல வருஷம் வேலை பார்த்தவர். அவரால் முடிந்தது ஒரு கெடு கொடுப்பதுதான். "இந்தக் கட்டடம் முடியட்டும். பக்கத்து மனைக்குப் புதுக் கிரேன் நிக்கும்போது மறுபடியும் மெடிக்கல் செக்கப் வைப்பேன். எடையும் உடம்பும் சரியா இருந்தா சீட் உனக்கு. இல்லைன்னா தீக்குச்சிக்கே எழுதிக் குடுத்துருவேன், அப்புறம் எங்கிட்ட வராத" என்றார்.

அத்தான் ஸ்டோர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலியோடு வீடு திரும்பினார். "கொக்கியை ஆட்டிக்கிட்டே இறக்குறான் அந்தப் பய" என்று சாப்பிடும்போது புலம்புவார். காலையில் அக்கா பழக்க தோஷத்தில் போனை எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைப்பாள். டீ ஆறிப் போகும். அந்த மேசையில் அந்த ஹ்ஹா ஹ்ஹா இல்லாமல் எனக்கே என்னவோபோல் இருந்தது.

அத்தான் முயற்சி பண்ணவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. தட்டைப் பாதியாக்கினார். வேலை முடிந்ததும் நடந்தார். அக்கா பிஸ்கட் டப்பாவை என் அறையில் ஒளித்துவைத்தாள், அதில் எனக்கு இரண்டு சுற்று ஏறியது. அவருக்கு மட்டும் எடை கல்லுப்பிள்ளையாராக அசையாமல் இருந்தது. அப்போதுதான் எடை குறைய வாரம் ஒரு தரம் போட்டுக்கொள்ளும் ஊசியைப் பற்றி அக்காவின் லாண்டரியில் யாரோ சொன்னார்கள். நேரில் பார்க்கிற டாக்டர்களிடம் முறை வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். போனிலேயே வீடியோவில் பார்த்து மருந்து எழுதிக் கொடுக்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று நான் தேடிப் பிடித்தேன். அத்தானுக்குத் தமிழில் பேசினால்தான் வாய் திறக்கும். ஆகவே தமிழ் பேசுகிற ஒரு டாக்டரம்மாவாகப் பார்த்துப் பதிவு செய்தேன்.

அன்றைக்கு அத்தான் மாப்பிள்ளை மாதிரி இஸ்திரி போட்ட சட்டை அணிந்து வந்து உட்கார்ந்தார். இடுப்புக்குக் கீழே அரைக்கால் சட்டைதான், கேமராவுக்கு அது தெரியாது என்று நினைப்பு. போனை அக்கா சர்க்கரை டப்பாவின்மேல் சாய்த்துவைத்தாள். வேறு டப்பாவே கிடைக்கவில்லை அவளுக்கு.

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியும் வேகமான பேச்சுமாக இருந்தார். "நாம பேசுறதை இந்த ஆப்பே கேட்டுக் குறிப்பு எழுதிக்கும், சரியா? எடை மெஷின்ல ஏறி நில்லுங்க. நம்பர் எனக்குத் தெரியணும்."

போனைத் தூக்கிக்கொண்டு அத்தான் பின்னால் போனேன். இஸ்திரிச் சட்டைக்குக் கீழே அரைக்கால் சட்டை டாக்டரம்மாவுக்கு முழுசாகத் தெரிந்தது. நம்பர் தெரியவில்லை.

"வயிறு மறைக்குது மேடம்" என்றேன். "வயித்தை உள்ள இழுங்க அத்தான்."

"இழுத்துட்டுத்தான் இருக்கேன்" என்றார் அத்தான்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். இது மந்திரம் இல்லை, கொஞ்சமாகத் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும், ஆரம்பத்தில் குமட்டும், முதலில் ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று எல்லாம் சொன்னார். கடைசியில்தான் முட்டுக்கட்டை வந்தது. "உங்க கம்பெனி இன்சூரன்ஸ் வெறும் எடைக்குன்னா இந்த மருந்தைத் தராது. எடையால வேற ஏதாவது தொந்தரவு இருந்து, அது பதிவுல இருந்தா கேட்டுப் பாக்கலாம். அப்படி ஏதாவது இருக்கா?"

நானும் அக்காவும் அத்தானைப் பார்த்தோம். அத்தான் கூரையைப் பார்த்தார். என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். இன்சூரன்ஸ் கம்பெனியுடையது, இங்கே வாயைத் திறந்தால் அது சைட் மேனேஜர் காதுக்குப் போய்விடும் என்று பயம்.

"பெருசா ஒண்ணும் இல்ல டாக்டர்." சட்டைக் காலரிடம் சொல்வதுபோல முணுமுணுத்தார். "ஏறினா இளைக்குது. அவ்வளவுதான்."

டாக்டரம்மா அந்த நேரம் வேறு பக்கம் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த நோயாளி காத்திருக்கிறார் என்று அவர் திரையில் மணி வேறு அடித்தது. மருந்துக்கு அனுமதி கேட்டு இன்சூரன்ஸுக்கு அனுப்புவதாகச் சொல்லி விடைபெற்றார்.

போன வேகத்தில் திரும்பி வந்தது பதில். அனுமதி இல்லை. காரணம் புரியாத மாதிரி ஒரு வரி. கைக்காசு போட்டு வாங்கலாம் என்றால் அந்த ஊசி எங்கள் வீட்டு வாடகையோடு தோள் உரசிக்கொண்டு நின்றது. இதைக் கேள்விப்பட்டு ஸ்டோரில் ஒருத்தன், டாக்டர் சீட்டே இல்லாமல் யாரோ விற்கிறார்கள் என்று ஒரு சின்னக் குப்பியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

அக்கா அதை வாங்கிப் பார்த்தாள். "லேபிள் இல்லாத ஊசியா? லேபிளைப் படிக்காததுக்கே இந்தப் பாடு. திருப்பிக் குடுத்துட்டு வாங்க, இல்லைன்னா நான் வந்து குடுப்பேன்" என்றாள். அவள் வந்து கொடுத்தால் எப்படிக் கொடுப்பாள் என்று அத்தானுக்குத் தெரியும். மறுநாளே குப்பி போய்விட்டது.

நான் இன்சூரன்ஸுக்குப் போன் போட்டேன். தமிழில் பேச ஒரு எண்ணை அழுத்தச் சொன்னார்கள், அழுத்திவிட்டு ஒரு பாவாடைக்கு ஜிப் வைத்து முடிக்கும்வரை இசை கேட்டேன். பிறகு ஒரு பெண் வந்தாள். தேன் குழைந்த குரல்.

"மேடம், டாக்டர் குறிப்புல தெளிவா இருக்கு. நோயாளி ஏணி ஏறுவதால் எடை குறைந்து வருவதாகச் சொல்கிறார்னு போட்டிருக்கு. பலன் குடுக்கிற உடற்பயிற்சி இருக்கும்போது மருந்துக்கு அனுமதி குடுக்க மாட்டாங்க. தொடர்ந்து ஏறச் சொல்லுங்க."

ஏணி ஏறுவதால் எடை குறைகிறதா? யார் சொன்னது? சட்டைக் காலருக்குள் அத்தான் முணுமுணுத்த அந்த ஒரு வரி அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. ஏறினா இளைக்குது. மனுஷர் 'எனக்கு' என்று ஒரு சொல்லைச் சேர்த்திருக்கக் கூடாதா? 'மூச்சு' என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் குறைந்தா போயிருப்பார்? தமிழில் மூச்சு வாங்கினாலும் இளைக்கும், உடம்பு மெலிந்தாலும் இளைக்கும். அந்த ஆப்பு இரண்டில் நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொண்டுவிட்டது.

"ஐயோ, இளைக்குதுன்னா மூச்சு வாங்குதுங்க!" என்று கத்தினேன். கடையில் பேண்ட் அளவு கொடுக்க வந்தவர் இரண்டடி பின்வாங்கினார்.

"இளைக்குதுன்னா ரெண்டு அர்த்தமும் இருக்கலாம் மேடம். குறிப்புல ஒண்ணுதானே இருக்கு" என்றாள் அந்தப் பெண். "டாக்டர் திருத்திக் குடுத்தா மறுபடியும் பாப்பாங்க."

ராத்திரி சாப்பாட்டின்போது இதை நடித்தே காட்டினேன். ஏணி ஏறி இளைக்கும் அத்தானாகவும், கைதட்டும் இன்சூரன்ஸாகவும். "இனி ஊரே உங்க கிரேன்ல வரிசையா ஏறும் அத்தான், டிக்கெட் போடலாம்" என்றேன். அத்தான் கண்ணில் நீர் வரச் சிரித்தார். வழக்கம்போலக் கடைசியில் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எங்கிட்டச் சொன்னப்பவும் அதைத்தான் சொன்னீங்களா?" என்று கேட்டாள். "மூச்சுன்னுதான் சொன்னீங்களா?"

"வேற எதை இளைக்குதுன்னு சொல்லப் போறேன்? என்னைப் பாத்தா இளைக்கிற ஆள் மாதிரியா இருக்கு?" என்றார் அத்தான்.

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். சமையலறையில் குழாய் நெடுநேரம் ஓடியது. அவள் அழுதாள் என்பதை மூடி மறைக்க எனக்கு இஷ்டமில்லை. ஆப்புக்கு ஒரு தடவைதான் சொன்னார். எங்களுக்குத் தினமும் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது தடவை டாக்டரம்மாவைக் கூப்பிட்டது அக்காதான். சர்க்கரை டப்பாவை ஒதுக்கிவிட்டு என் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டாள். நான் நடந்ததைச் சொன்னதும் டாக்டரம்மா பழைய குறிப்பைத் திறந்து படித்தார். முகம் சிவந்துவிட்டது. "நான் படிச்சுப் பாத்துட்டு அனுப்பியிருக்கணும். என் தப்புதான். திருத்திடுறேன். மூச்சு எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"சும்மா லேசாத்தான் டாக்டர்" என்று அத்தான் ஆரம்பித்தார்.

"லேசாவா?" என்ற அக்கா, தன் போனை மேசைமேல் வைத்துப் பழைய மெசேஜ்களைத் திறந்தாள்.

அத்தானுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் போன்மேல் கையை வைத்து மறைத்தார். "அதைப் போடாதடி. பதிவாயிரும். வேலை போயிரும்டி."

"வேலை போனா வேற வேலை இருக்கு. மூச்சு போனா நான் யார்கிட்டப் போய்க் கேப்பேன்?"

அவள் குரல் உடைந்ததை அத்தான் அதுவரை கேட்டதில்லை. கையை எடுத்துவிட்டார்.

அறை முழுக்க அந்தச் சத்தம் வந்தது. ஹ்ஹா, ஹ்ஹா, ஹ்ஹா. ஏறிட்டேன். அடுத்தது. அதற்கடுத்தது. வருஷங்களுக்கு முன்னால் அனுப்பியதில் சொல் சீக்கிரம் வந்தது. வர வரச் சொல் தள்ளிக்கொண்டே போனது. கடைசி மெசேஜில் 'ஏறி' என்பதற்கும் 'ட்டேன்' என்பதற்கும் நடுவில் ஒரு மூச்சு புகுந்திருந்தது. காதல் வசனம் என்று நான் கிண்டல் பண்ணிய அதே மெசேஜ்கள்தான்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவர் திரையில் ஆப்பு தன்பாட்டுக்கு எழுதியதைப் பார்த்து ஒரு தரம் உதட்டைக் கடித்துக்கொண்டார். "இது என்ன எழுதியிருக்குன்னு கேளுங்க. பின்னணியில் பலத்த காற்று. நாயாகவும் இருக்கலாம்."

முதலில் சிரித்தது அத்தான்தான். பிறகு நாங்கள் எல்லாரும் சிரித்தோம், டாக்டரம்மாவும் சேர்த்து. சிரித்து முடித்துவிட்டு அவர் ஆப்பை அணைத்தார், கையால் எழுத ஆரம்பித்தார். "தூங்கும்போது குறட்டை விடுவாரா?"

"தெருவே சொல்லும்" என்றேன்.

"நடுவுல நின்னு போகுமா?"

"நிக்கும்" என்றாள் அக்கா. "நின்னா நான் முழங்கையால இடிப்பேன். மறுபடியும் ஓடும்."

"அதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"குறட்டை நின்னா சந்தோஷம்தானேன்னு எல்லாரும் சொல்வாங்க மேடம்."

டாக்டரம்மா பட்டென்று சொன்னார். இதை வீடியோவில் முடிக்க முடியாது. முதலில் நேரில் போய் இதயத்தையும் நுரையீரலையும் பார்க்க வேண்டும். தூங்கும்போது மாட்டிக்கொள்ள ஒரு கருவி வீட்டுக்கு வரும். "நான் எழுதுறது இன்சூரன்ஸுக்கு மட்டும்தான், உங்க மேனேஜருக்கு இல்ல. ஆனா ஒண்ணு. இது சரியாகுற வரைக்கும் நீங்க அந்த ஏணில கால் வைக்கக் கூடாது. இதை உங்க மேனேஜர் சொல்லல, நான் சொல்றேன்."

"சரிங்க டாக்டர்" என்றார் அத்தான். அக்காவிடம்கூட அவ்வளவு பணிவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

இதயம் நன்றாக இருந்தது. கருவிதான் குட்டை உடைத்தது. தூக்கத்தில் அவருக்கு மூச்சு திரும்பத் திரும்ப நின்று நின்று வருகிறது, எடை அதற்கு ஒரு பெரிய காரணம் என்று தெரிந்தது. டாக்டரம்மா இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாகத் தானே எழுதி, அனுப்புவதற்கு முன் எங்களுக்குப் படித்தும் காட்டினார். இன்சூரன்ஸ் மறுபடியும் கொஞ்ச நாள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. நான் தினம் போன் போட்டு அந்தத் தேன்குரல் பெண்ணுக்கு என் கடையின் ஜிப் விலையெல்லாம் மனப்பாடம் ஆகும் அளவுக்குப் பழகிவிட்டேன். ஒருநாள் அவளே கூப்பிட்டாள்.

"மேடம், வந்துருச்சு. மூச்சுத் தொந்தரவுக்குன்னு அனுமதி குடுத்துட்டாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "எங்க அப்பாவும் இளைக்குது இளைக்குதுன்னுதான் சொல்லிட்டிருக்கார். நேத்து கூட்டிட்டுப் போய்க் காட்டினேன்."

அதன் பிறகு வந்த மாதங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஊசி சின்னது, அத்தான் போட்ட கூச்சல் பெரியது. இரும்பைத் தூக்கி விளையாடுகிற ஆள், ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொள்வார். முதலில் குமட்டியது, சாப்பாட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பினார். டாக்டரம்மா அளவை மெல்ல ஏற்றினார். தூங்கும்போது மூச்சுக்கு ஒரு முகமூடி, அதன் குழாய் கட்டிலின் பக்கத்தில் ஒரு பெட்டிக்குப் போகும். "விமானம் எப்பக் கிளம்புது அத்தான்?" என்று படுக்கப் போகும்போது கேட்பேன். முகமூடிக்குள்ளிருந்து ஏதோ திட்டுவார், அது என்ன என்று கேட்காது. தெருவில் அமைதி நிலவியது. அக்காவின் முழங்கைக்கு ஓய்வு கிடைத்தது. ஆனாலும் பாதித் தூக்கத்தில் எழுந்து, அவர் மூக்கருகே காது வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி படுப்பதாக ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

நான் வெளியே விட்ட இடுப்பையெல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே பிடித்தேன். ஒரு பேண்ட்டில் பழைய தையல் வரிவரியாகத் தெரிந்தது. "மரத்துக்கு வயசு பாக்குற மாதிரி இருக்கு அத்தான்" என்றேன். "பேசாம தை, டேப்பு" என்றார். முகம் மட்டும் சிரிப்பை மறைக்க மாட்டாமல் இருந்தது.

பக்கத்து மனையில் புதுக் கிரேன் எழுந்தது. அத்தான் மெடிக்கல் செக்கப்புக்குப் போனார். எடை மெஷினில் ஏறும்போது வயிற்றை இழுத்தாராம், இழுக்கத் தேவையே இருக்கவில்லையாம். பெல்ட்டின் லேபிளைச் சேஃப்டி அதிகாரியிடம் தானே வாசித்துக் காட்டிவிட்டு வந்திருக்கிறார். ஆனாலும் மேனேஜர் பிடி கொடுக்கவில்லை. "காகிதத்துல எல்லாம் சரிதான். நாளைக்கு நீயே ஏறிக் காட்டு. நடுவுல நின்னேன்னா இறங்கிரு, தீக்குச்சி கீழ தயாரா நிப்பான்" என்றாராம்.

மறுநாள் காலையில் அத்தான் கிளம்பிப் போன பிறகு அக்கா மேசையில் வந்து உட்கார்ந்தாள். டீ ஊற்றிக்கொண்டாள், குடிக்கவில்லை. நான் கடைக்குப் போகாமல் எதிரில் உட்கார்ந்திருந்தேன். வழக்கமாக மெசேஜ் வரும் நேரம் ஆகவில்லை. அதற்குள் போன் மினுங்கியது.

அக்கா பயந்துபோய் என்னைப் பார்த்தாள். இவ்வளவு சீக்கிரம் வந்தால் என்ன அர்த்தம்? நடுவழியில் நின்றுவிட்டார், இறங்கிவிட்டார். வேறென்ன இருக்க முடியும்? நானே பொத்தானை அழுத்தினேன்.

"ஏறிட்டேன்."

அவ்வளவுதான். முன்னால் ஒன்றும் இல்லை, பின்னால் ஒன்றும் இல்லை. அந்த ஹ்ஹா ஹ்ஹா இல்லை. அக்காவின் முகம் வாடிவிட்டது. போனைப் பிடுங்கிப் பேசினாள்.

"கீழ நின்னுக்கிட்டு எங்கிட்ட ஏன் பொய் சொல்றீங்க? முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க. நான் என்ன சொல்லப் போறேன்? இறங்கி வந்துருங்க, பாத்துக்கலாம்."

அனுப்பிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போன் மறுபடியும் மினுங்கியது.

இந்த முறை முதலில் குரலே வரவில்லை. ஊ என்று ஒரு நீண்ட சத்தம், விட்டு விட்டு, கண்ணாடியை உரசிக்கொண்டு போகிற மாதிரி. என்ன அது என்று எனக்குப் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

காற்று. மேலே அடிக்கிற காற்று. அவர் அனுப்பிய எல்லா மெசேஜிலும் அது இருந்திருக்க வேண்டும், அவர் மூச்சுக்கு அடியில் இத்தனை வருஷமும் கேட்காமல் கிடந்திருக்கிறது.

பிறகு அத்தான் பேசினார், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற குரலில்.

"மேலதான்டி இருக்கேன். இளைச்சுட்டேன்ல, அதான் இளைக்கலை."